மன்னாரின் பதிவேட்டை எழுதுவது யார்?

கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டிலே நிற்கும் முதிய கமக்காரர் ஒருவரிடம் சென்று, இக்குளத்தைப் பற்றிய விவரம் எந்த ஏட்டில் உள்ளதெனக் கேட்டால் அவர் நகைப்பார். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் கட்டிய கல்லணை, அங்கிருந்து நீர் கொணரும் கால்வாய், பெருங்குளத்தை நம்பிக் கிடக்கும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்கள், எந்தத் துருசு எப்போது திறக்கப்படும், சிறுபோகத்தில் நீர் குறைந்தால் யார் எத்தனை ஏக்கர் விதைப்பது ஆகிய யாவும் அவர் நெஞ்சிலே உள்ளன. அவருக்குப் பின் அவை எங்கே இருக்கும் என்பதே நமது கேள்வி.

அரசாங்கத்தாரிடம் ஏடுகள் இல்லாமலில்லை. 1954ஆம் ஆண்டிலேயே இக்குளம் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வங்காலைச் சரணாலயம் 2008இல் பிறந்து, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏறிற்று. பூநாரைகளுக்குக் கிடைத்த இந்த மதிப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் வனத்துறையும் தொல்பொருட்டுறையும் கொழும்பிலிருந்து எல்லைக்கல் நாட்டிய இடங்களிலெல்லாம், பரம்பரையாக மாடு மேய்த்தவனும் வயல் செய்தவனும் ஒரே நாளில் அத்துமீறியவனாக்கப்பட்டதை வட மாகாணம் நன்கறியும். ஆதலினாற்றான் ‘பதிவேடு’ என்றதும் நம் மக்கள் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானது, ஆயினும் அதன் காரணமாக வாளாவிருப்பது நியாயமன்று.

ஏனெனில் நாம் எழுதாவிடினும் பிறர் எழுதுகின்றனர். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு 30 காற்றாலைகளுடன் ‘தம்பபவனி’ இயங்கத் தொடங்கியது. மழைநீர் வடியும் வழிகள் அடைபட்டன என்றும், கரைவலைப் பாடுகள் கெட்டன என்றும் மக்கள் முறையிட்டு வருகின்றனர். அதானி நிறுவனம் தனது பெருந்திட்டத்தை 2025 பெப்ரவரியில் கைவிட்டது. ஆயினும் வேறு காற்றாலைத் திட்டங்களும் இல்மனைற்று மணல் அகழும் முயற்சியும் தொடர்ந்தமையால், அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராட நேர்ந்தது. தீவின் நன்னீர் மணலுக்குள் தங்கும் மழைநீரே. மணலை அள்ளினால் கிணறு என்னாகும் என்பதற்கு விஞ்ஞானி வந்து விடைகூற வேண்டியதில்லை.

இத்தகைய திட்டங்களுக்கான சுற்றாடல் அறிக்கையைத் தயாரிக்கச் செய்பவர் யார்? திட்டத்தை நடத்த வருபவரே. இவ்விடத்தில் என்ன மரம், என்ன பறவை, என்ன கோயில், எத்தனை கிணறு என்று முதலில் எண்ணுவது அவர் அமர்த்தியோரே. பொதுமக்கள் கருத்துரைக்கச் சட்டம் தருவது 30 நாட்கள். எழுதிவைத்த ஏடு கையில் இல்லாத ஊர் 30 நாளில் எதைக் காட்டி மறுக்கும்?

தமிழ்நாட்டில் மதுரைக்கருகே அரிட்டாபட்டி என்றோர் ஊர் உண்டு. பிராமி எழுத்தும் சமணர் படுக்கைகளும் நீர்நிலைகளும் சூழ்ந்த அவ்வூர் 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அவ்வட்டாரத்திலே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது விவசாயிகள் திரண்டெழுந்தனர். 2025 சனவரியில் ஏலம் ரத்தாயிற்று. காகிதம் தனித்து நின்று சுரங்கத்தைத் தடுத்துவிடவில்லை. ஆனால் போராடியவர்கள் கைநீட்டிக் காட்ட ஓர் அத்தாட்சி இருந்தது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றங்களே மக்களைக் கலந்து பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும் என்பதும் இங்கு கவனிக்கத் தக்கது.

நமது குறையையும் மறைக்க வேண்டாம். மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வாய்வு போரினால் நின்று, அதன் முழு அறிக்கை 2013இல்தான் நூலாயிற்று. அண்மைய ஆண்டுகளில் கட்டுக்கரையிலே பேராசிரியர் புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டியெடுத்த சுடுமண் உருவங்களைப் பற்றி, அந்நீரில் விளைந்த அரிசியை உண்போரில் எத்தனை பேர் அறிவர்? திருக்கேதீச்சரத்தைப் பற்றிப் பெருமை பேசும் நம்மவர், எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலின் வரலாறு கேட்டால் விழிக்கின்றனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, அவ்வூர்களின் முதியோர் நினைவுகளும் அவர்களுடன் புத்தளம் சென்றன. அவற்றைத் திரும்ப அழைக்காத ஏடு மன்னாரின் ஏடாகாது. பேசாலையின் உடக்குப் பாசும், மாதோட்டப் பாங்குக் கூத்தும், பள்ளிமுனைப் பெருக்கமரமும், அரிப்பின் முத்துக்குளிப்பு நினைவுகளும் அதில் இடம்பெற வேண்டும்.

இதற்கெனப் புதிய திணைக்களம் வேண்டாம். கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மன்னார் நகர சபையும், மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்குப் பிரதேச சபைகளும் ஒரு தீர்மானம் நிறைவேற்றி இதனைத் தொடங்கலாம். ஒவ்வோர் ஊரிலும் கமக்காரர் அமைப்பும், மீனவர் சங்கமும், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களும் தத்தம் பக்கத்தை எழுதட்டும். நில அளவையாளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால், படமும் எல்லையும் சேர்ந்துவிடும். ஏடு தமிழில் இருக்கவேண்டும்; மூலப்பிரதி ஊரிலேயே இருக்கவேண்டும்; மேய்ச்சல், மீன்பிடி, நீர்ப்பங்கு ஆகிய உரிமைகள் மரம், பறவை, கோபுரங்களுக்கு இணையாக அதில் பதியப்படவேண்டும்.

காலபோக அறுவடை முடிந்ததும் கட்டுக்கரைக் கமக்காரர் சிறுபோகக் கூட்டத்துக்குக் கூடுவர். தண்ணீர்ப் பங்கு பேசி முடிந்தபின், அதே கூட்டத்தில் அணைக்கட்டின் முதற் பக்கத்தை எழுதத் தொடங்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.