சிட்னி எங்கே என்று கேட்ட 66 ஆண்டுகள்

1941 நவம்பர் 19 அன்று மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 645 பேருடன் காணாமல் போனது. ஒருவர்கூடத் திரும்பவில்லை. முந்தைய ஆண்டுதான் மத்தியதரைக் கடலில் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்து, ஆஸ்திரேலியா முழுக்கக் கொண்டாடப்பட்ட கப்பல் அது.

நடந்தது என்ன என்று சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. சிட்னியோடு மோதிய ‘கோர்மொரான்’ என்ற ஜெர்மன் கப்பலின் மாலுமிகள் 318 பேர் உயிர் பிழைத்தார்கள். தங்கள் கப்பல் டச்சு சரக்குக் கப்பல் வேடத்தில் போய்க்கொண்டிருந்தபோது சிட்னி வழிமறித்தது என்றார்கள். அந்த டச்சுக் கப்பலுக்கு நான்கெழுத்து ரகசியக் குறியீடு ஒன்று உண்டு. சிட்னி அதன் நடு இரண்டு எழுத்துகளைக் கொடிகளில் ஏற்றிக் காட்டி, மீதியைக் கேட்டது. கோர்மொரானின் கேப்டன் டெட்மர்ஸிடம் விடை இல்லை. அதற்குள் சிட்னி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு நெருங்கிவிட்டிருந்தது. டச்சுக் கொடியை இறக்கி, ஜெர்மன் கொடியை ஏற்றிய கையோடு சுட ஆரம்பித்தார்கள். சிட்னியின் முன்பகுதியில் டார்பிடோ பாய்ந்தது. எரிந்தபடியே விலகிப்போன சிட்னியின் வெளிச்சம் இரவில் அடிவானத்தில் மறைந்தது. கோர்மொரானும் தீப்பிடித்ததால் அதை ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள்.

ஆஸ்திரேலிய அரசு உடனே வாயைத் திறக்கவில்லை. குடும்பங்களுக்குத் தந்தி போனது நவம்பர் 26 அன்று. பிரதமர் ஜான் கர்ட்டின் நாட்டுக்கு அறிவித்தது நவம்பர் 30 அன்று. போர்க்காலத்தில் எதிரிக்குத் தகவல் கசியக்கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் போர் முடிந்த பிறகும் குடும்பங்களுக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தி வளர்ந்தது. ஜப்பானிய நீர்மூழ்கிதான் தாக்கியது என்றார்கள்; தண்ணீரில் தத்தளித்தவர்களை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள் என்றார்கள். எதிரி சொன்னது என்பதாலேயே நேரில் கண்டவர்களின் சாட்சியம் பலருக்குப் பொய்யாகப் பட்டது.

சிறைமுகாமில் இருந்த டெட்மர்ஸ், ஓர் அகராதியின் எழுத்துகளுக்கு அடியில் சிறுசிறு புள்ளிகள் வைத்து அந்தச் சண்டையின் விவரங்களை ரகசியமாகப் பதிந்து வைத்திருந்தார். அதையும் நம்பாதவர்கள் இருந்தார்கள்.

2008 மார்ச்சில் டேவிட் மேர்ன்ஸ் தலைமையிலான குழு முதலில் கோர்மொரானைக் கண்டுபிடித்தது. சில நாள்களில், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய 2,470 மீட்டர் ஆழத்தில் சிட்னி கிடைத்தது. டார்பிடோ தாக்கியதாகச் சொல்லப்பட்ட முன்பகுதி தனியே உடைந்து கிடந்தது. 2009இல் வெளியான விசாரணை அறிக்கை ஜப்பானிய நீர்மூழ்கிக் கதையையும் படுகொலைக் கதையையும் நிராகரித்தது. எதிரிகள் சொன்னது பெருமளவு உண்மை. அவர்கள் காட்டிய பகுதியில் தேடியதால்தான் கப்பலே கிடைத்தது. இதை ஒப்புக்கொள்ள ஒரு நாட்டுக்கு 66 ஆண்டுகள் ஆயின. கணவனை இழந்தவர்களும் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் பெரும்பாலும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

செத்தவர்களைத் தேடக் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். 1942 பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் தீவின் கரையோரம் ஒரு மிதவையில் ஒதுங்கிய சடலம் பெயரில்லாமல் புதைக்கப்பட்டது. 2006இல் அதைத் தோண்டியெடுத்தார்கள். 2021இல் மரபணுச் சோதனை அது சிட்னியின் மாலுமி ஒருவருடையது என்று பெயரோடு உறுதிசெய்தது. அந்தக் குடும்பத்துக்கு அது வீண்செலவு அல்ல.

குடும்பங்களைப் பதிலில்லாமல் தவிக்கவிடும் இதே தவறு நம் காலத்திலும் நடக்கப் பார்த்தது. 2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் ‘சான் ஹுவான்’ நீர்மூழ்கி 44 பேருடன் மறைந்தது. தேடலைக் கைவிடக்கூடாது என்று குடும்பங்கள் தலைநகரில் போராடின. கண்டுபிடித்தால்தான் பணம் என்ற ஒப்பந்தத்தில் ஒரு தனியார் நிறுவனம் இறங்கியது. அடுத்த ஆண்டே, 900 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கப்பல் கிடைத்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தமும் கருவிகளும் இருக்கும்போது கடல் ஆழம் என்று சொல்லி எந்த அரசும் தேடலை நிறுத்தக்கூடாது. கடைசியாக வந்த செய்தி என்ன, எங்கெங்கே தேடினார்கள் என்ற விவரங்களை முதலில் கையில் வாங்க வேண்டியவர்கள் காணாமல் போனவர்களின் குடும்பத்தினர்தான்.