பண்டிகைப் பலகாரமும் பாலர் கைகளும்

பண்டிகை என்பது உண்பதற்கும் உடுப்பதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று, கொடுப்பதற்கும் ஏற்பட்டதே என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும், நம் இல்லங்களிலுள்ள சிறு குழந்தைகளைப் பொறுத்தமட்டில், அது முற்றிலும் பெறுதலாகவே முடிந்துவிடுகின்றது. அவர்கள் புத்தாடை பெறுகின்றனர். விளையாட்டுப் பொருள் பெறுகின்றனர். தட்டு நிறையப் பலகாரமும் பெறுகின்றனர். கொடுப்பதற்கு அவர்களிடம் யாதுளது? பொருளில்லை, வாக்குச் சாதுரியமில்லை, இரண்டு சிறு கைகளே உள. அக்கைகளுக்கு வேலை யாதும் அளிக்காத பண்டிகை அவர்களுக்குப் பாதிப் பண்டிகையே என்பதும், கிறிஸ்து பிறந்த திருநாளையொட்டி வீட்டிலே பிஸ்கோத்துச் சுடுதல் அக்கைகளுக்கு மிகவும் ஏற்றதொரு வேலை என்பதும் நமது துணிபு. இது பெரியோர் கருதற்குரியதோ என்று சிலர் நகைக்கலாம். குழந்தை வளர்ப்பைச் சிறு காரியமென்று எண்ணாதார் நகையார்.

இவ்வழக்கம் மேல்நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருவது. ஜெர்மனி தேசத்தில், திருநாளுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட அட்வெந்து நாட்கள் தொடங்கியதும், வீடுதோறும் சிறு பிஸ்கோத்துகள் சுடப்படும். இலவங்கப்பட்டைப் பொடி சேர்த்த நட்சத்திரங்களும், வனிலா மணம் கமழும் பிறைகளும் அவற்றுள் சிறந்தன. பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து நின்று தகர அச்சுகளால் மாவை வெட்டுவர். ‘குக்கி’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் பெயர், சிறிய கேக்கு என்று பொருள்படும் டச்சுச் சொல்லினின்றும் பிறந்தது. டச்சுக்காரர் அமெரிக்காவிற் குடியேறியபோது அச்சொல்லும் அங்குக் குடியேறிற்று. 1796-ஆம் ஆண்டில் அமேலியா சிம்மன்ஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட ‘அமெரிக்கச் சமையல்’ என்னும் நூலில், கிறிஸ்துமஸ் குக்கி செய்யும் முறை ஒன்று காணப்படுகின்றது. அதில் மணத்துக்காகச் சேர்க்கப்படுவது, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலுள்ள கொத்தமல்லி விதையின் பொடியே. சோடா உப்பு வழக்கத்துக்கு வராத காலமாதலின், விறகுச் சாம்பலினின்றும் எடுத்த ஒருவகை உப்பு மாவைப் பொங்கச் செய்தது. சுட்டவுடன் கடினமாயிருக்கும் அக்குக்கியை மட்பாண்டத்திலிட்டு ஆறு மாதம் வைத்திருப்பின் மென்மையும் சுவையும் மிகும் என்றும் அவ்வம்மையார் எழுதியிருக்கின்றார். இக்காலத்துக் குழந்தைகள் ஆறு நாளேனும் பொறுப்பரோ என்பது ஐயமே!

நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இத்திருநாளுக்குரிய பலகாரங்கள் பெரும்பாலும் எண்ணெயிற் பொரிக்கப்படுவன. திருநெல்வேலிச் சீமையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் பாசிப்பயறும் வெல்லமும் சேர்ந்த முந்திரிக்கொத்து, காய்ச்சிய இரும்பு அச்சை மாவில் தோய்த்து எடுக்கும் அச்சுமுறுக்கு, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பின் மேலோ மாவை அழுத்திச் சுருட்டும் குல்குல் ஆகியவற்றை அறியாதார் இலர். பிஸ்கோத்துச் சுடுதல் இவற்றிற்குப் பின்வந்தது. முன்னாளில் அடிகனத்த பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதனுள்ளே தட்டை வைத்து மூடிச் சுட்டனர். இன்றும் மின்சார அடுப்பில்லாத வீட்டில் அம்முறையே போதுமானது.

குழந்தைகளைக் கருதும்போது இவ்விருவகைப் பலகாரங்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பொரிக்கும் எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதன் அருகே பாலரை நிறுத்துதல் தகாது. குல்குல் சுருட்டுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். அச்சுமுறுக்கிலோ அவர்களுக்குப் பங்கே இல்லை. பிஸ்கோத்து அவ்வாறன்று. அளத்தல், குழைத்தல், பிசைதல், தேய்த்தல், அச்சால் வெட்டுதல், தட்டில் அடுக்குதல் ஆகிய யாவும் குழந்தைகள் செய்யக்கூடியவை. அடுப்பின் கதவைத் திறந்து மூடுதல் ஒன்றே பெரியோர் வேலை. மூன்று வயதுக் குழந்தை கிண்ணத்திலுள்ள சர்க்கரையைக் கொட்டும். ஐந்து வயதுக் குழந்தை நட்சத்திரம் வெட்டும். ஏழு வயதுக் குழந்தை தராசின் எண்ணைப் படித்துச் சொல்லும். ஒரே மேசையில் மூவருக்கும் இடம் உண்டு.

திருவள்ளுவர் மக்கட்பேற்றைப் பற்றிக் கூறுமிடத்துத் தம் குழந்தையின் கை துழாவிய உணவு பெற்றோர்க்கு எத்துணை இனியது என்பதை எடுத்துக் காட்டினார். அது பெற்றோர் அடையும் இன்பம். அக்கைகளையுடைய குழந்தை அடையும் பயன் யாது என்பதை ஆராய்ந்தவருள் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஏழை மக்கள் வாழும் பகுதியொன்றில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப்போரின் காரணமாகப் பல ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்கிக் கோடைக்கானலிலும் பணியாற்றினார். ஊற்றுதல், துடைத்தல், பெருக்குதல், உணவு பரிமாறுதல் முதலிய உண்மையான வீட்டு வேலைகளைத் தம் முறையில் அவர் முதன்மையாக வைத்தார். குழந்தை விரும்புவது பொம்மைச் சமையலன்று, உண்மைச் சமையலே என்பதைக் கண்ணாரக் கண்டவர் அவர். தான் செய்தது பிறர்க்கு வேண்டியதாயிருக்கின்றது என்னும் உணர்ச்சி, எத்துணை விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளாலும் வருவதன்று.

அன்றியும், இவ்வேலையில் அடங்கியுள்ள கல்வியும் சிறிதன்று. எளிய வெண்ணெய்ப் பிஸ்கோத்துக்கு நிறையளவில் மாவு 3 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, சர்க்கரை 1 பங்கு என்பது தெரிந்த கணக்கு. 150 கிராம் மாவுக்கு 100 கிராம் வெண்ணெயும் 50 கிராம் சர்க்கரையும் வேண்டும். விகிதம் என்னும் சொல்லைப் பள்ளியிற் கேட்பதற்கு முன்னரே அதனைக் குழந்தை தன் கையால் அறிகின்றது. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவைச் சேர்த்து, நீர் விடாமலே பிசைந்து, அரைமணி நேரம் குளிர வைத்துக் கால் அங்குலக் கனமாகத் தேய்த்து வெட்டி, 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 15 நிமிஷம் சுட்டால் ஓரம் பொன்னிறமாகும். குளிர வைப்பானேன் என்று குழந்தை கேட்கும். வைக்காமற் சுட்டால் வெண்ணெய் விரைந்து உருகி, நட்சத்திரம் தன் முனைகளை இழந்துவிடும் என்பதை ஒரு தட்டில் காட்டலாம். ஒரு புறம் மெல்லியதாகவும் மறுபுறம் தடித்தும் தேய்த்தால், மெல்லியது கருகும்போது தடித்தது வேகாதிருக்கும். அடுப்பினின்றும் எடுத்தவுடன் குழையும் பிஸ்கோத்து, ஆறிய பின்னரே மொறுமொறுப்பாகும். ஆதலால் காத்திருத்தலும் கற்பிக்கப்படுகின்றது. விரும்பியதை விரும்பிய கணமே பெறப் பழகிய இக்காலப் பாலருக்கு இதனினும் இனிய பொறுமைப் பாடம் யாதுளது?

நிற்க. இதற்குக் கூறப்படும் தடைகளையும் ஆராய்வோம். கடையில் வாங்கினால் அழகாயிருக்கும், வேலையும் எளிது என்பர் சிலர். மெய்யே. கடைப் பலகாரத்தை நாம் இகழ்கின்றோமில்லை. ரொட்டிக் கடைக்காரரும் உழைத்தே பிழைக்கின்றனர். ஆனால் கடைப் பெட்டியில் குழந்தைக்கு உண்ணும் வேலை ஒன்றே உண்டு. குழந்தைகள் மாவை இறைப்பர், நேரம் செல்லும் என்பர் வேறு சிலர். அதுவும் மெய்யே. இறைத்த மாவைத் துடைப்பதும் வேலையின் ஒரு பகுதியென்று அவர்கட்கே அதனைக் கற்பித்தல் வேண்டும். இவற்றினும் கொடிய தடை ஒன்றுண்டு. அஃது அன்புள்ள பெரியோரிடமிருந்தே வருவது. குழந்தையை ஆசையோடு அழைத்து மாவைக் கொடுத்து, அது செய்த கோணல் நட்சத்திரத்தைக் கண்டவுடன் மெல்ல வாங்கி, உருட்டித் திரும்பவும் அழகாக வெட்டி வைக்கும் பெரியோர் பலர். அவர்கள் ஒன்றும் கடிந்துரைப்பதில்லை. ஆயினும், ‘உன் கை போதாது’ என்னும் தீர்ப்பைக் குழந்தை அக்கணமே படித்துக்கொள்கின்றது. கோணலாயினும் அது செய்ததை அவ்வாறே சுட்டு, அவ்வாறே தட்டில் வைத்தல் வேண்டும். இதனைச் செய்ய மனமில்லாதவர் குழந்தையை அழையாதிருத்தலே நன்று.

எல்லாவற்றினும் கனமான தடை இன்னும் ஒன்று உளது. அதனை நாம் எளிதில் ஒதுக்க இயலாது. பண்டிகைப் பலகாரத்தின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் அதனை உண்டவர்கள், செய்தவர்கள் அல்லர். டிசம்பர் மாதத்தில் பல இரவுகள் அடுப்பின் முன் நின்று ஐந்து வகை ஏழு வகை என்று செய்து முடித்துத் திருநாளன்று ஆராதனையில் களைப்பால் கண் அயரும் தாய்மார் எத்தனை பேர்! பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து மாலையில் வீடு திரும்பும் பெண்களிடம், ‘குழந்தைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு பிஸ்கோத்துச் சுடுங்கள்’ என்று புத்தி கூறுவது, சுமை சுமப்பவர் தலையில் மேலும் ஒரு கல்லை ஏற்றுவதாகும். அவ்வாறு நிகழுமாயின், கடையில் வாங்குதலே மேல் என்று நாம் கூசாது கூறுவோம். ஒருவர் மாளப் பலர் மகிழ்வது பண்டிகையன்று.

ஆதலால் நாம் வேண்டுவது பழைய வழக்கத்தை அப்படியே திருப்புவதன்று. அதனைத் திருத்தி நடத்துவதே. முதலாவது, வகைகளைக் குறைத்து ஒரே வகை செய்தாற் போதும். இரண்டாவது, அன்றைய வேலையின் தலைமையைத் தந்தையோ, மூத்த மகனோ ஏற்கட்டும். தாய் விரும்பினால் உடனிருக்கட்டும், விரும்பினால் ஓய்ந்திருக்கட்டும். பாத்திரம் துலக்குதலும் அத்தலைமையில் அடங்கியதே. ஆண் மகன் மாவு பிசைவதைக் கண்டு வளரும் சிறுவன், பின்னாளில் தன் இல்லத்தில் அதனைப் பெண்ணின் தனிச் சுமையென்று கருதமாட்டான். அச்சிறுமியும் அதனைத் தன் தலைவிதியென்று கருதமாட்டாள். மூன்றாவது, பாதுகாப்பை மறத்தலாகாது. பச்சை மாவையும் பச்சை முட்டை சேர்ந்ததையும் குழந்தைகள் நக்கலாகாது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுடாத குக்கி மாவை உண்டவர்களிடையே நோய்க்கிருமி பரவியதுண்டு. கை கழுவித் தொடங்கி, கை கழுவி முடித்தல் வேண்டும்.

நான்காவதே தலையாயது. குழந்தை செய்ததைக் குழந்தையே கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும். நம் தெருக்களில் தீபாவளியன்று அண்டை வீட்டார் பலகாரத் தட்டு அனுப்புவதும், கிறிஸ்துமஸ் அன்று நாம் அனுப்புவதும் நெடுநாள் உறவு. அத்தட்டின் நடுவே கோணல் நட்சத்திரங்கள் நான்கை வைத்து, அவற்றைச் செய்தவர் கையிலேயே கொடுத்தனுப்பினால், ‘இதை நான் செய்தேன்’ என்று கூறும் உரிமை அக்குழந்தைக்கு உண்டாகும். பெறுபவராக மட்டும் இருந்தவர் அன்று கொடுப்பவராகின்றார். மாட்டுத்தொழுவில் பிறந்த பாலகனின் திருநாளில் ஒரு பாலகன் கற்கத்தக்கது இதனினும் வேறொன்று உண்டோ? இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதுமன்று. கிருஷ்ண ஜயந்திக்குச் சீடை உருட்டும் வீடுகளிலும் பிள்ளைகளின் விரல்களுக்கு இடமுண்டு.

மாணவ சகோதரர்களே, சகோதரிகளே! டிசம்பர் விடுமுறைக்கு நீங்கள் விடுதியை விட்டு வீடு செல்கின்றீர்கள். அங்கே உங்கள் தம்பி தங்கையரும், அண்ணன் அக்காள் பிள்ளைகளும் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு என்ன வாங்கிச் செல்வது என்று எண்ணுகின்றீர்கள். ஒரு நாள் மாலையை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அன்னையை நாற்காலியில் அமரச் செய்துவிட்டு, நீங்கள் மாவை அளந்து, சிறுவரைச் சூழ நிறுத்தி, முதல் தட்டுக் கருகினாலும் கலங்காமல் இரண்டாம் தட்டை அடுக்குங்கள். பழைய மாணவராய், இன்று பெற்றோராய் இருப்பவர்கட்கும் எமது விண்ணப்பம் இதுவே. இச்சிறு கைகள் விரைவிற் பெரியனவாகும்; மாவு பிசைய வாரும் என்று அப்போது அழைத்தால் வருவார்களோ, மாட்டார்களோ. அழைக்காமலே ஓடி வரும் காலம் இதுவேயாதலின், இவ்வாண்டே தொடங்குதல் நலம்.