கேட்கத் தெரிந்த கண்

மார்கழிக் காலைகளில் மயிலாப்பூர்ச் சபாக்களுக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் இடையே ஓடித் திரியும் நமக்கு, தோளில் காமெராப் பையும் கையில் கச்சேரிப் பட்டியலும் சேர்ந்திருப்பது வினோதமாகத் தோன்றுவதில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டால், பறவைப் படங்களை வரிசையாகக் கோத்துப் பின்னணியில் புல்லாங்குழலை ஓடவிடுவதையே பலரும் காட்டுகிறார்கள். அது உறவல்ல, ஒட்டுவேலை என்பது நம் கருத்து.

மெய்யான உறவு இருட்டறையில் இருந்தது. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸ் (1902-1984) இளமையில் பியானோக் கலைஞராகவே விரும்பியவர். நெகட்டிவை இசைக்குறிப்பாகவும், அதிலிருந்து எடுக்கும் பிரதியை அக்குறிப்பின் கச்சேரியாகவும் அவர் கண்டார். கீர்த்தனை ஒன்றேயாயினும் பாடகருக்குப் பாடகர், மாலைக்கு மாலை அது வேறாவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் மா. கிருஷ்ணன் (1912-1996) இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் வாழ்ந்தவர். தாமே பாகங்களை இணைத்து உருவாக்கிய காமெராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டுக் கருப்பு வெள்ளையில் கானுயிர்களைப் படமெடுத்தார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரை நூலின் பெயர் 'மழைக்காலமும் குயிலோசையும்'. காட்சியைத் தேடிய மனிதருக்குச் செவியின் தலைப்பு பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. இலையடர்ந்த மரத்தில் பறவையை முதலில் காதுதான் கண்டுபிடிக்கிறது; கண் பின்னால் வருகிறது.

இந்த வரிசையைத்தான் இன்று நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். பதிவுசெய்த கூவலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையைச் சட்டகத்துக்குள் இழுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. நம்முள் சிலரும் செய்திருக்கிறோம், மறைப்பதற்கில்லை. தன் எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டதாக நம்பி, இரைதேடலையும் கூட்டையும் விட்டு அது விரட்ட வருகிறது. நமக்குக் கிடைப்பது கூர்மையான படம். அதற்குக் கிடைப்பது பதற்றம். மேடையில் இருப்பவரை அவருடைய பகைவரின் குரலால் சீண்டி, முகம் சிவப்பதைப் படமெடுப்போமா?

ஆலாபனையில் ராகம் தானாக விரியும்வரை பொறுத்திருக்க நம்மைப் பழக்கியது சங்கீதம். அந்தப் பொறுமையே அது புகைப்படக்காரனுக்குத் தரக்கூடிய பெரிய கொடை, பின்னணி இசையன்று. சபாவுக்குள் நுழையும்போது கைபேசியை அணைக்கிறோம். அடையாற்றங்கரை மரத்தடியிலும் அதையே செய்வோம்.