கூண்டில் பிறந்த ஐந்து சுதந்திரங்கள்

ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த 2014 மே 7 தீர்ப்பைத் தமிழகம் கோபத்தோடுதான் நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கோபத்தில் தீர்ப்பின் ஒரு பகுதி கவனிக்கப்படாமலே போனது. பசி தாகமின்மை, உடல் அசௌகரியமின்மை, வலியும் நோயுமின்மை, அச்சமின்மை, இயல்பான நடத்தைக்கு வழி ஆகிய ‘ஐந்து சுதந்திரங்கள்’ நமது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3, 11ஆம் பிரிவுகளுக்குள் அடங்கியவை என்றே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த ஐந்தின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் வாடிவாசல் வராது. கோழிக்கூண்டுதான் வரும். 1964இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, தொழிற்சாலையாக மாறிவிட்ட பண்ணைகளைப் பற்றி ‘அனிமல் மெஷின்ஸ்’ என்ற நூலை எழுதினார். மக்கள் கொதித்துப்போக, பிரிட்டன் அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு அமைத்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்டப் பண்ணை விலங்குக்கு இடம் வேண்டும் என்று 1965இல் அந்தக் குழு எழுதியதுதான் பிற்பாடு ஐந்து சுதந்திரங்களாக விரிந்தது.

அதே குழு ஒரு தவறும் செய்தது. எனக்கு அந்தத் தவறுதான் முக்கியமாகப் படுகிறது. மெல்லிய கம்பியில் பின்னிய அறுகோண வலை கோழியின் பாதத்தை உறுத்தும் என்று நினைத்து, கூண்டுத் தரைக்கு அது வேண்டாம் என்றது. 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் வெவ்வேறு தரைகளை வைத்துக் கோழிகளையே தேர்ந்தெடுக்கவிட்டார்கள். குழு வேண்டாமென்ற வலையைத்தான் கோழிகள் விரும்பின! மனிதர்கள் இரக்கப்பட்டு ஊகித்தது ஒன்று, கோழி சொன்னது வேறு. விலங்கு நல ஆய்வு விலங்கையே சாட்சிக் கூண்டில் ஏற்றத் தொடங்கியது ஏறக்குறைய இப்படித்தான். முட்டையிடும் நேரம் நெருங்கினால், மறைவான கூடு கிடைப்பதற்காகக் கோழி கனமான கதவைக்கூட முட்டித் தள்ளும் என்பதும் இந்த வகைச் சோதனைகளில் தெரியவந்ததுதான்.

1989இல் மரியன் டாக்கின்ஸும் ஹார்டியும் இன்னும் நேரடியாக அளந்து பார்த்தார்கள். ஒரு கோழி சும்மா நிற்கவே சராசரியாக 475 சதுர செ.மீ. வேண்டும். திரும்புவதற்குச் சுமார் 1,270. சிறகடிக்க 1,870க்கும் மேல். நம் மேசையில் கிடக்கும் ஏ4 தாளின் பரப்பு சுமார் 624. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் இயற்றி, 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டுகளையே ஒழித்தது. கூண்டு வேண்டுமென்றால் தலைக்கு 750 சதுர செ.மீ., உள்ளே கூடும் அமர்கம்பும் கட்டாயம்.

இனி நாமக்கல்லுக்கு வருவோம். அங்கே ‘கேஜ்’ என்று சொல்லப்படும் அடுக்குக் கூண்டில் ஒரு லேயர் கோழிக்குக் கிடைப்பது ஏ4 தாளைவிடக் குறைந்த இடம். நியாயமான அளவுக்கு நடமாட முடியாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று 11ஆம் பிரிவே சொல்கிறது. முதல் தடவை என்றால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று எழுதினார்கள். இந்த 50 ரூபாயைக் கிண்டல் செய்யாத விலங்கு ஆர்வலர் இல்லை. தொகையை ஐம்பதாயிரமாக்கினாலும் கோழிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது என் கருத்து. ‘நியாயமான அளவு’ எத்தனை சதுர செ.மீ. என்பதில்தான் அதன் வாழ்க்கை இருக்கிறது.

2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது, காளைக்காகச் சட்டம் திருத்தப்பட்டது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அதே 2017 ஜூலையில் சட்ட ஆணையம் முட்டைக்கோழி, இறைச்சிக்கோழி வளர்ப்பு பற்றியே தனியாக 269ஆவது அறிக்கையைத் தந்தது. முட்டைக்குப் பேர்போன நம் மாநிலத்தில் அதற்காக ஒரு தேநீர்க்கடைச் சண்டைகூட நடந்ததாக நினைவில்லை. காளைக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேச ஆள் உண்டு. தெருநாய்க்கும் கோயில் யானைக்கும் அப்படித்தான். தகரக் கூரைக்குக் கீழே இருப்பதை யார் பார்த்தார்கள்?

பண்ணையாளரை வில்லனாக்குவது சுலபம். தீவன விலை ஏறும். முட்டை விலை தினம் ஒன்றாக அறிவிக்கப்படும். அவர் லாபம் பைசாக் கணக்கில் நிற்கிறது. இடத்தைக் கூட்டு என்று அவரிடம் மட்டும் சொன்னால் தொழிலை விட்டுவிடுவார், முட்டை வேறு மாநிலத்திலிருந்து வரும். ஐரோப்பிய அளவுகளை அப்படியே இறக்குமதி செய்வதும் சரிவராது. அவை குளிர்நாட்டில் எடுத்தவை. கோழிக்கு வியர்க்காது, அலகைத் திறந்து இரைக்கும், சிறகை உடலிலிருந்து விலக்கிக் காற்று வாங்கும். சித்திரை வெயிலில் நெருக்கிய கூண்டுக்குள் அதைச் செய்ய எவ்வளவு இடம் வேண்டும், அந்த இடத்தைக் கொடுத்தால் சாவு குறையுமா, முட்டை கூடுமா என்பதை நாமக்கல்லில்தான் அளக்க முடியும். அதற்கு ஏற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் அதே ஊரில் இருக்கிறது.

கூடுதல் செலவை ஏற்க வேண்டியது யார் என்பதும் புதிரல்ல. சத்துணவுத் திட்டத்தில் பள்ளி நாள்தோறும் முட்டை வழங்கும் தமிழக அரசு, முட்டைச் சந்தையின் பெரிய வாடிக்கையாளர். முட்டை என்ன எடை இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஏற்கெனவே நிபந்தனை உண்டு. அதை இட்ட கோழி எத்தனை சதுர செ.மீ.யில் நின்றது என்பதற்கும் ஒரு வரி சேர்த்து, அதற்கான பைசாவையும் விலையில் சேர்த்துக் கொடுத்தால், சட்டமன்றத்தைக் கூட்ட வேண்டிய அவசியம்கூட இருக்காது.