ரத்தமும் மூளையும் தந்தவர்கள்

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் சில குடும்பங்களுக்கு நடுவயதிலேயே மறதிநோய் வந்துவிடும். 1980களிலிருந்து அவர்களைத் தேடிப்போய் ஆராய்ந்தவர் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா. நோய்க்குக் காரணம், பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஒரு மாற்றம். அதைச் சுமப்பவர்களுக்கு 44 வயதை ஒட்டியே நினைவு தடுமாறத் தொடங்கும். அதே மாற்றத்தைச் சுமந்த ஒரு பெண்மணியோ எழுபதுகள் வரை தெளிவாக இருந்தார். ஸ்கேனில் அவர் மூளை முழுக்க, இந்நோயின் அடையாளமான அமிலாய்டு புரதப் படிவு. ஆனால் நரம்பணுக்களைச் சிதைக்கும் டௌ புரதம் குறைவு. அபோ-இ மரபணுவின் இரு பிரதிகளிலும் இருந்த 'கிறைஸ்ட்சர்ச்' என்னும் அரிய மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் 2024இல், அம்மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் கொண்ட 27 உறவினர்களுக்கும் நோய் சுமார் 5 ஆண்டு தள்ளிப்போனது தெரியவந்தது. மரபணுச் சோதனை முடிவைத் தலையெழுத்தாகப் படிப்பதை இனியாவது விட வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக ரத்தம் தந்து, இறந்தபின் மூளையையும் தந்தவர்கள் இந்தக் குடும்பங்கள். இந்த அறிவிலிருந்து நாளை ஒரு மருந்து பிறந்தால், அது முதலில் அவர்கள் வீட்டுக்கு, அவர்களால் வாங்க முடிகிற விலையில் போய்ச் சேர வேண்டும்.