நூறு ரூபாயைக்கூடக் குறைக்காதவர்கள்

2009 மே 2ஆம் நாள், கோவைக்கு வெளியே நீலம்பூர் புறவழிச்சாலையில் ராணுவ வாகனங்களின் வரிசையொன்று மறிக்கப்பட்டது. கொச்சி வழியாக இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்ற சந்தேகத்தில் பெரியார் திராவிடர் கழகத்தினர் உள்ளிட்ட ஈழ ஆதரவாளர்கள் வண்டிகளைத் தாக்கினார்கள். பயிற்சி முடித்துத் திரும்பும் வண்டிகள் என்றது ராணுவம். கைதுகள், வழக்குகள், தேசியப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் முறைப்படி நடந்தேறின. அந்தத் தாக்குதலை நான் ஆதரிக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்த சிப்பாய் எந்த வெளியுறவுக் கொள்கையையும் வகுத்தவன் அல்லன். ஆனால் இலங்கைக்கு எது போகிறது என்பதை அறிய நெடுஞ்சாலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டிய நிலை ஒரு ஜனநாயக நாட்டின் குடிமக்களுக்கு ஏன் வந்தது? அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்தும் புதுவையிலிருந்தும் நாற்பது பேரைத் தில்லிக்கு அனுப்பியிருந்தோம். 2004 தேர்தலில் நாற்பதும் ஒரே கூட்டணிக்குப் போயிருந்தன.

அந்த நாற்பது பேர் என்ன செய்தார்கள்? உண்ணாவிரதம் இருந்தார்கள், மழையில் நனைந்தபடி மனிதச் சங்கிலியில் நின்றார்கள், அறிக்கை விட்டார்கள். தங்கள் கையில் இருந்த வாக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள்.

2008 அக்டோபர் 14 அன்று சென்னையில் கூடிய அனைத்துக்கட்சிக் கூட்டம், இரண்டு வாரங்களில் போர்நிறுத்தத்துக்கு மத்திய அரசு வழிசெய்யாவிட்டால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானித்தது. அதிமுகவும் மதிமுகவும் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. திமுக உறுப்பினர்கள் விலகல் கடிதங்களை எழுதினார்கள். எழுதி, யாரிடம் கொடுத்தார்கள்? தங்கள் கட்சித் தலைவரிடம். அரசியலமைப்பின் 101ஆவது பிரிவு இதில் தெளிவாகவே இருக்கிறது: விலகல் கடிதம் அவைத்தலைவருக்கு எழுதப்பட வேண்டும். வேறு யாரிடம் கொடுத்தாலும் அது வெறும் காகிதம். அக்டோபர் 26 அன்று பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியைச் சந்தித்தார். நிவாரணப் பொருள்களுக்கு ஏற்பாடாயிற்று, கடிதங்கள் கோப்பிலேயே தங்கின, போர் தொடர்ந்தது.

இந்த நாடகத்தைப் பலரும் ஏற்கெனவே திட்டித் தீர்த்திருக்கிறார்கள். என் குற்றச்சாட்டு வேறு. அந்தக் கடிதங்கள் உண்மையாகவே அவைத்தலைவரிடம் போயிருந்தாலும் அது தவறான செயலாகவே இருந்திருக்கும். பதவி விலகுகிறவர் தன் வாக்கைத் தானே தூக்கி எறிகிறார். வட்டிக்காரனோடு சண்டை என்றால் பணப்பையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கிணற்றில் வீசக் கூடாது. கணக்குவழக்குக்குப் பேர்போன கொங்கு நாட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கணக்கையே பார்ப்போம். 2008 ஜூலை 22 அன்று மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது. ஆதரவு 275, எதிர்ப்பு 256. திமுகவுக்கு 16 உறுப்பினர்கள். அந்தப் பதினாறும் எதிர்ப்பக்கம் போனால் 259க்கு 272. இரண்டாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான். இடதுசாரிகள் அணு ஒப்பந்தத்துக்காக ஓர் ஆட்சியையே கவிழ்க்கத் துணிந்து தங்கள் வாக்குகளை எண்ணி மேசைமேல் வைத்தார்கள். அவர்களுடைய காரணம் சரியா தவறா என்பது வேறு விவாதம். வாக்கு எதற்காக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே அக்டோபரில் துணை மானியக் கோரிக்கைகள் மக்களவைக்கு வந்தன. 2009 பிப்ரவரி 16 அன்று இடைக்கால பட்ஜெட் வந்தது. பாதுகாப்புக்கு 1,41,703 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு மதிப்பீடு 1,05,600 கோடி. படித்தவர் யார் என்பதையும் கவனியுங்கள். ஜனவரி இறுதியில் வெளியுறவு அமைச்சராகக் கொழும்பு போய்வந்த அதே பிரணாப் முகர்ஜி, நிதித்துறையைக் கூடுதலாகக் கவனித்துவந்ததால் பட்ஜெட்டையும் வாசித்தார். முத்துக்குமார் சென்னை சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரே மனிதரிடம் இரண்டு கேள்விகளையும் ஒரே நாளில் கேட்கும் வாய்ப்பு எந்த எதிர்க்கட்சிக்கும் எளிதில் கிடைக்காது. நம்மவர்கள் ஆளும் வரிசையில் அமர்ந்திருந்தார்கள்.

உடனே ஒரு மறுப்பு வரும். இந்திய ராணுவ பட்ஜெட்டில் இலங்கைப் போருக்கென்று ஒரு தலைப்பு இருந்ததா? இல்லை. இதுதான் சிக்கலே. 2008 செப்டம்பர் 9 அன்று வவுனியா படைத்தளத்தைப் புலிகள் தாக்கியபோது காயமடைந்தவர்களில் இரண்டு இந்தியத் தொழில்நுட்பர்கள் இருந்தார்கள். இந்தியா கொடுத்த ராடார்களைக் கவனிக்கப் போனவர்கள். அவர்கள் அங்கே இருந்ததைத் தமிழ்நாட்டு மக்கள் அந்தக் குண்டுவீச்சினால்தான் அறிந்தார்கள். தலைப்பில்லாத செலவைத் தலைப்புக்குக் கொண்டுவரத்தான் வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கொள்கையையே ஏற்கவில்லையென்றால் மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு குறையைப் பேச வேண்டுமென்றால் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னால் போதும். நூறு ரூபாய்! அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே தீர வேண்டும். அமைச்சரவையில் உட்கார்ந்துகொண்டு அமைச்சரவை கேட்கும் பணத்தை வெட்ட முடியாது என்பார்கள். முடியாதுதான். முதலில் அமைச்சரவையை விட்டு எழுந்திருக்க வேண்டும். 2013 மார்ச்சில் ஜெனீவாத் தீர்மானத்தைக் காரணம் காட்டித் திமுக அப்படி எழுந்தது. முள்ளிவாய்க்காலில் புல் முளைத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது கொழும்புக்குப் போவோம். போருக்கான பணத்தின்மேல் தமிழ் உறுப்பினர்கள் நிஜமாகவே வாக்களித்த இடம் அதுதான். 2007 டிசம்பர் 14 அன்று அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டின் இறுதி வாக்கெடுப்பு. பாதுகாப்புக்கு மட்டும் சுமார் 16,600 கோடி இலங்கை ரூபாய். அதற்குச் சில நாள் முன்னதாக மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர்கள் மூவரின் உறவினர்கள் கடத்தப்பட்டார்கள். எதிர்த்து வாக்களிக்கக் கூடாது என்பதே நிபந்தனை. செய்தது பிள்ளையான் குழு என்று கூட்டமைப்பினர் குற்றம் சாட்டினார்கள். பட்ஜெட் 114க்கு 67 என்று நிறைவேறியது. நவம்பரில் எதிர்த்து வாக்களித்திருந்த ஜேவிபி இறுதி வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டது. ஐக்கிய தேசியக் கட்சியின் தி. மகேஸ்வரன் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய பாதுகாப்புக் காவலர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2008 புத்தாண்டு தினத்தன்று கொழும்புப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கூட்டமைப்பினர் புலிகளின் சொற்படி நடந்தார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமும் உண்டு. நீலன் திருச்செல்வம் போன்ற ஒரு நாடாளுமன்றவாதியைக் கொன்றவர்களும் புலிகள்தாம். இவற்றையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. நான் ஒப்பிடுவது வாக்கின் விலையை. கொழும்பில் 'இல்லை' என்று சொன்னால் மைத்துனனைக் கடத்துவார்கள், கோயிலில் சுடுவார்கள். ஆனாலும் சொன்னார்கள், பட்ஜெட் நிறைவேறிவிடும் என்று தெரிந்தே சொன்னார்கள். தில்லியில் அதே சொல்லுக்கு விலை ஒரு மந்திரிப் பதவி. அதைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஆட்சி கவிழ்ந்திருந்தால் போர் நின்றிருக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிற்காமலும் போயிருக்கலாம். 1914 டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் கார்ல் லீப்னெக்ட் ஒருவர் மட்டும் போர்க்கடனுக்கு எதிராக வாக்களித்தார், உலகப்போர் நின்றுவிடவில்லை. ஆகஸ்டில் அவரே கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி ஆதரித்திருந்தவர் என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். நான்கு மாதத்தில் அவருக்குத் தெளிந்தது. எதிர்த்து விழும் வாக்கு போரை நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பணம், யாருக்கு ராடார் என்று அரசு வாய்திறந்து சொல்லும்படி அது செய்யும். 1987இல் போன அமைதிப்படைக்கும் இந்த நாடாளுமன்றம் தனியே ஒரு வாக்கெடுப்பு நடத்தியதில்லை. சுமார் 1,200 வீரர்கள் மாண்டபின், 1990 மார்ச்சில் திரும்பிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதுவும் ஓர் எதிர்ப்புத்தான், மறுக்கவில்லை. செலவாகி முடிந்த கணக்கின்மேல் காட்டிய எதிர்ப்பு.

கொங்கு நாடு 2009இல் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு என்று வரிசையாக ஆளும் கூட்டணியைத் தோற்கடித்தது. ஈழத்துக்காகக் கொங்கு கொடுத்த தீர்ப்பு என்று மேடைகளில் பேசினார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. 2008இன் மின்வெட்டில் தறிகளும் பட்டறைகளும் நின்ற கோபம் அதில் பெரும்பங்கு. கொங்குநாடு முன்னேற்றக் கழகம் பிரித்த வாக்குகளும் உண்டு. இங்கிருந்து வென்று போனவர்களின் கூட்டணிக்குத் தலைமை தாங்கிய அதிமுகவின் தலைவியோ, போர் என்றால் பொதுமக்கள் சாவது இயல்பு என்று ஜனவரியில் பேசியவர். ஏப்ரலில் தனி ஈழம் அமைப்பேன் என்றார்.

அந்தக் கட்சி தன் கையிலிருந்த வாக்கை எப்படிப் பயன்படுத்தியது என்பதையும் பார்த்துவிடலாம். 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என்று நிறைவேறியது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அதிமுகவின் பதினொரு உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அவர்கள் மட்டும் எதிர்த்திருந்தால் 114க்கு 116, மசோதா தோற்றிருக்கும். அப்போது கோட்டையில் முதல்வராக இருந்தவர் எடப்பாடிக்காரர். கொங்குக்கு இதைவிடப் பெரிய அரசியல் செல்வாக்கு எப்போது வாய்த்தது?

பூலுவப்பட்டியிலும் பவானிசாகரிலும் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அங்கே பிறந்து, அங்கேயே பள்ளிக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, வண்ணமடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை. பொள்ளாச்சிக்கும் நீலகிரிக்கும் வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளர்கள் அந்த முகாம்களின் வாசலைத் தாண்டித்தான் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். வாகனம் நம் தெருவுக்கு வரும்போது ஈழத்தைப் பற்றி அவர் என்ன உணர்கிறார் என்று கேட்காதீர்கள், நிறையவே உணர்வார். அவரோ அவர் கட்சியோ எந்தத் தேதியில், எந்த மசோதாவில், எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று கேளுங்கள். குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது, பதிவு இல்லை என்று சொன்னால், எண்ணி வாக்கெடுக்கும்படி அன்று ஏன் எழுந்து கேட்கவில்லை என்று கேளுங்கள்.