ஏழு கோடிக்குள் பன்னிரண்டாயிரம்

செரோக்கி மக்களின் கதையைச் சொன்னால் நம்ம ஆட்களுக்குக் கண் கலங்கிவிடும். 1838-39இல் அமெரிக்க ராணுவம் அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து பெயர்த்து மேற்கே துரத்தியது. முகாமிலும் வழியிலும் ஏறத்தாழ நாலாயிரம் பேர் செத்தார்கள். பிறகு உறைவிடப் பள்ளிகள் வந்தன, தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. இன்று சரளமாகப் பேசுகிறவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான். 2019இல் செரோக்கி அரசுகள் மூன்றும் கூடித் தங்கள் மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. இதைப் பகிர்ந்து ‘மொழிப் படுகொலை’ என்று எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான்.

இப்போ பென்னாகரத்துக்கு வாங்க. இங்கே பஸ் ஸ்டாண்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழும். இந்த வட்டத்தில் இருளர் குடியிருப்புகளும் உண்டு. ‘இருளருக்குன்னு தனி மொழி இருக்கா?’ என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ‘தமிழ்தாங்க, கொஞ்சம் கொச்சையா பேசுவாங்க’ என்பார்கள். முற்போக்குத் தோழரும் அதையேதான் சொல்வார். கொச்சை என்ற சொல்லை மட்டும் ‘வட்டார வழக்கு’ என்று மாற்றிக்கொள்வார்.

செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1973இலேயே இருள மொழிக்கென்று நூல் எழுதத் தொடங்கிவிட்டார். நீலகிரிப் பக்கத்து இருளர் பேச்சைக் கேட்டு எழுதியது அது. நாக்கின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிரொலிகள் அந்த மொழியில் உண்டு. நம் எழுத்தில் அவற்றுக்குக் குறியே கிடையாது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருள மொழி எங்கே இருக்கிறது தெரியுமா? தமிழ் என்ற தலைப்புக்குக் கீழே. 11,870 பேர். ‘தமிழ் பேசுவோர் 6.9 கோடி’ என்று நாம் மார்தட்டுகிற எண்ணுக்குள் அவர்களும் அடக்கம், எருகுலா, கைக்காடி பேசுகிறவர்களும் அடக்கம்.

இதே வேலையை இந்தி செய்தால் நமக்கு எப்படிக் கொதிக்கிறது! போஜ்புரி பேசும் 5 கோடிப் பேரை விழுங்கித்தான் இந்தி 52 கோடி ஆனது என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம். உண்மைதான். அந்தக் கணக்கை அம்பலப்படுத்துகிற நாம் அதே அட்டவணையில் தமிழுக்கு நேரே இருக்கும் வரிகளைப் படித்ததே இல்லை. ஆதிக்கம் வடக்கிலிருந்து மட்டும்தான் ரயில் ஏறி வருமா என்ன?

தமிழ்நாட்டில் இருளர்கள் 1,89,661 பேர் என்கிறது அதே கணக்கெடுப்பு. மொழிக்கணக்கிலோ நாடு முழுக்கச் சேர்த்தே பன்னிரண்டாயிரம் தேறவில்லை. பலர் எப்போதோ தமிழுக்கும் தெலுங்குக்கும் மாறிவிட்டார்கள். நாம் யாரையும் துப்பாக்கி முனையில் நடத்திக்கொண்டு போகவில்லைதான். சிரித்தோம், அது போதுமானதாக இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறந்ததும் நாலு பேர் சிரித்தால், அடுத்த நாள் அது தமிழில் பேசும். அதற்கடுத்த தலைமுறை வீட்டிலும் தமிழில் பேசும்.

‘அவங்களே பிள்ளைங்க தமிழும் இங்கிலீஷும் படிக்கணும்னுதான கேக்கறாங்க’ என்பார்கள். கேட்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத சீக்வோயா 1821இல் தன் மொழிக்கு எழுத்து உருவாக்கி முடித்தார். 1828இல் அவர்கள் தொடங்கிய ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ பத்திரிகை செரோக்கி, ஆங்கிலம் இரண்டிலுமே வந்தது. ஒன்றைப் படிக்க இன்னொன்றைக் கொல்லணும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை இல்லை. ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் அரசுப் பள்ளி நடக்கிறது, யாரும் தமிழ் அழிந்துவிட்டதாகச் சொல்லவில்லை. அந்த மொழிகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு மாநிலம் இருக்கிறது. இருளருக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் எழுத்திலேயே நாலைந்து குறிகள் கூடச் சேர்த்தால் இருள மொழியை எழுதிவிடலாம். அந்த மொழி பேசும் ஊர்களில் ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் கதை சொல்ல ஒரு இருளர் பாட்டியைச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். செம்மொழி மாநாட்டுக்கு ஆன செலவில் தோரணக் கணக்குக்கூட வராது இது.

2027இல் அடுத்த கணக்கெடுப்பு. எண்ண வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஊர் ஆசிரியர்களாகத்தான் இருப்பார்கள். இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அவர்கள் அம்மாவோ அண்ணனோ. இருளர் வீட்டு வாசலில் நின்று, தாய்மொழி என்ற கட்டத்தில் கேட்காமலே ‘தமிழ்’ என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள் என்று இப்போதே வீட்டில் சொல்லிவையுங்கள்.